ஒரு வேரில் பிறந்த சொற்கள்

ஆங்கிலம் நன்கு கற்றவர்க்குப் போர்த்துக்கீசிய மொழி எளிதில் கைவரும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இதில் பாதி உண்மை. போர்த்துக்கீசிய நாளிதழ் ஒன்றை விரித்தால், ஆங்கிலம் அறிந்தவர் கண்ணுக்கு வரிக்கு இரண்டு சொல்லாவது முகம் தெரிந்த சொல்லாகத் தோன்றும். இரு மொழிகளும் இலத்தீனிடமிருந்து சொற்களைப் பெற்றிருப்பதே அதற்குக் காரணம். மீதிப் பாதியில்தான் வழுக்குப் பாறை இருக்கிறது. முகம் ஒன்றாயிருக்கும், குணம் வேறாயிருக்கும். இதைப் பற்றி நம் பங்கு மக்களுக்கு எழுதுவானேன் என்று கேட்கலாம். ஒரு சொல்லை முகம் பார்த்து நம்பியதால் ஒரு குடும்பம் இரண்டு நாள் உலை வைக்காமல் கிடந்ததை நாம் கண்டிருக்கிறோம். அதைப் பின்னர்ச் சொல்வோம்.

முதலில் உறவு முறையைத் தெளிந்துகொள்வது நல்லது. போர்த்துக்கீசியம் இலத்தீனின் வயிற்றுப் பிள்ளை. கி.மு. 218-இல் உரோமைப் படை ஐபீரியத் தீபகற்பத்தில் வந்திறங்கியது. பின்னர் வந்த போர்வீரரும் குடியானவரும் வணிகரும் பேசிய இலத்தீன்தான் தலைமுறை தலைமுறையாக வாயில் உருண்டு தேய்ந்து போர்த்துக்கீசியமாயிற்று. இன்ன நாளோடு இலத்தீன் முடிந்தது, இன்ன நாளில் போர்த்துக்கீசியம் தொடங்கியது என்று எவராலும் கோடு கிழிக்க இயலாது. நிலவுக்கு இலத்தீனில் 'லூனா'. போர்த்துக்கீசியர் வாயில் நடுவிலிருந்த னகரம் கரைந்து 'லுவா' ஆயிற்று. நோவுக்கு 'தொலோர்', லகரம் கரைந்து 'தோர்' ஆயிற்று. ஆங்கிலமோ ஜெர்மானியக் குடியில் பிறந்தது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், அவர்கள் பேசிய பிரெஞ்சு மொழியின் வழியாக இலத்தீன் சொற்கள் அங்கே குடிபுகுந்தன. பிற்காலத்தில் கற்றோர் ஏடுகளிலிருந்து இன்னும் பலவற்றை நேரே எடுத்துக்கொண்டனர். ஆகவே ஆங்கிலத்தின் இலத்தீன் சொற்கள் பெரும்பாலும் இரவல் நகைகள். அடுப்படியில் புழங்கியவை அல்ல, அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பள்ளியிலும் அணிந்து கொண்டவை. ஒரே பொன்தான், ஒரு வீட்டில் வளையலாயிற்று, மற்றொரு வீட்டில் மூக்குத்தியாயிற்று.

நாம் குருமடத்தில் இலத்தீன் பயின்றது இரண்டே ஆண்டுகள். பின்னர் மேற்படிப்பின் பொருட்டு உரோமையில் தங்கிய நாட்களில், நம்மோடு ஒரே இல்லத்தில் பிரேசில் நாட்டுக் குருக்கள் மூவரும் கேரளக் குரு ஒருவரும் இருந்தனர். நம் போர்த்துக்கீசியம் முழுவதும் அந்த மூவரிடம் உணவு மேசையில் கற்றதே. 2002-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் காற்பந்து நடந்தபோது அவர்களுள் ஒருவர் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "இன்று நாம் எல்லாரும் ஆட்டத்துக்கு அசிஸ்ட் செய்வோம்" என்று அழைத்தார். கேரளக் குரு திகைத்தார். தொலைக்காட்சியின் முன் அமர்ந்து பிரேசிலுக்கு எவ்வாறு உதவி செய்வது? போர்த்துக்கீசியத்தில் 'அஸிஸ்தீர்' என்றால் ஒன்றை உடனிருந்து காண்பது. இலத்தீனில் அதன் பொருள் அருகே நிற்றல். அருகே நிற்பவன் கைகொடுப்பான் என்ற எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலம் உதவி என்ற பொருளை முதன்மையாக்கிற்று. அருகே நிற்பவன் பார்ப்பான் என்ற எண்ணத்தோடு போர்த்துக்கீசியம் நின்றுகொண்டது. அந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் பிரேசில் ஜெர்மனியை இரண்டுக்குச் சுழியம் என வென்றது. "பார்த்தீரா, நாம் அசிஸ்ட் செய்ததன் பயன்!" என்று அவர் ஆர்ப்பரித்தது இன்றும் காதில் ஒலிக்கிறது. இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. பழைய கத்தோலிக்க ஆங்கில நூல்களில், திருப்பலிக்கு அசிஸ்ட் செய்தல் என்று எழுதியிருப்பார்கள். அது பீடச் சிறுவர்க்கு மட்டும் உரிய பணியைக் குறிப்பதன்று. பலியில் உடனிருத்தல் என்பதே பொருள். கோவில் ஆங்கிலம் அந்த ஒரு சொல்லில் இலத்தீன் தாயின் பேச்சை மறக்கவில்லை. நம் பாட்டிமார் 'பூசை கண்டோம்' என்று சொன்னதும் ஏறக்குறைய இதே கருத்துத்தான்.

அதே இல்லத்தில் ஒருநாள் ரசம் வைக்கும் முறை நமக்கு வந்தது. பிரேசில் குரு ஒருவர் ஒரு வாய் அருந்திவிட்டு, 'எஸ்கிசீத்தோ' என்றார். கேரளக் குரு அது ஆங்கில 'எக்ஸ்குவிசிட்' என்றும், அருமையிலும் அருமை எனப் பாராட்டுகிறார் என்றும் கொண்டு, மகிழ்ச்சியோடு இன்னும் ஒரு அகப்பை ஊற்றிவிட்டார். பாவம், அவர் சொன்னது 'விநோதமாயிருக்கிறதே' என்பது! தேடித் தெரிந்தெடுக்கப்பட்டது என்பது இலத்தீன் பொருள். எங்கும் கிடைக்காததை ஒருவர் அருமை என்பார், மற்றவர் ஒரு மாதிரி என்பார். சுவையைப் பற்றிய வழக்கை மொழி தீர்த்துவைப்பதில்லை.

லிஸ்பன் நகருக்குச் செல்பவர்கள் கடைக் கதவுகளில் 'புஷெ' என்று எழுதியிருக்கக் காண்பார்கள். ஆங்கிலம் அறிந்தவர் கை தானாகவே கதவைத் தள்ளும், கதவு அசையாது. இன்னும் ஓங்கித் தள்ளுவார். உள்ளே இருப்பவர்கள் சிரிப்பார்கள். 'புஷெ' என்றால் இழு. பாத்திமாவுக்குத் திருயாத்திரையாகச் சென்றபோது, நம்மோடு வந்த திடகாத்திரமான ஒருவர் இவ்வாறு ஒரு ரொட்டிக்கடை வாயிலில் மல்லுக்கட்டியதைப் பார்த்தோம். வேடிக்கை என்னவென்றால் ஆங்கிலத்தின் 'புஷ்', போர்த்துக்கீசியத்தின் 'புஷார்' ஆகிய இரண்டுக்கும் வேர் ஒன்றே. 'புல்சாரே' என்பது இலத்தீன். மோதுதல், தள்ளுதல் என்பது பொருள். மருத்துவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கும் 'பல்ஸ்' அதற்கு நெருங்கிய உறவு. ஒரே வினை, ஒரு வீட்டில் தள்ளுவதாகவும் அடுத்த வீட்டில் இழுப்பதாகவும் ஆகிவிட்டது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் முன்னோர் சொன்னது சொற்களுக்கும் பொருந்தும் போலும்.

இன்னும் சில. 'லிவ்ரரீயா' என்றால் நூலகம் அன்று, புத்தகக் கடை. அங்கிருந்து நூலை எடுத்துக்கொண்டு காசு கொடாமல் நடந்தால் பின்னால் ஆள் வருவான். 'பரென்தெஸ்' என்றால் பெற்றோர் அல்லர், உற்றார் உறவினர். பெற்றோரைச் சொல்ல வேண்டுமானால் 'பாய்ஸ்' என்ற தனிச்சொல் உண்டு. 'எதுக்காதோ' என்றால் பட்டம் பெற்றவன் என்பதல்ல, நல்ல பழக்கவழக்கம் உடையவன் என்பதே; பட்டம் பெற்றும் 'எதுக்காதோ' ஆகாதவர் எந்நாட்டிலும் உண்டு. 'இன்ஜூரியா' என்றால் உடற்காயம் அன்று, வசைச்சொல். இலத்தீனில் அது நீதிக்கு மாறானது என்று பொருள்படும். காயம் உடம்பில் பட்டதாக ஆங்கிலேயர் கொண்டனர். மானத்தில் பட்டதாகப் போர்த்துக்கீசியர் கொண்டனர்.

கோவிலுக்கு நெருக்கமான சொற்களிலும் இந்தப் பிரிவு உண்டு. 'மிசெரிக்கோர்தியா' என்பது இலத்தீனில் இரக்கம். துயருற்றோர்பால் இளகும் இருதயம். ஆங்கிலத்தில் இச்சொல் 'மிசெரிகார்ட்' என்ற வடிவில் பழைய மடாலயங்களில் கிடக்கிறது. என்ன பொருளில் தெரியுமா? பாடகர் இருக்கையின் அடிப்புறத்தில் செதுக்கிய ஒரு சிறு மரத்திட்டு! நெடுநேரம் நின்று செபிக்கும் முதிய துறவிகள், நிற்பது போல் இருந்துகொண்டே சற்றே சாய்ந்துகொள்ள இரக்கத்தோடு அமைத்தது. கால்கடுக்க நின்றவர்க்குத்தான் அந்தப் பெயரின் அருமை விளங்கும். போர்த்துகல் நாட்டிலோ அச்சொல்லைக் கேட்டவுடன் மக்கள் நினைவுக்கு வருவது மருத்துவமனையும் அனாதை இல்லமும். 1498-இல் லெயோனோர் அரசி லிஸ்பனில் தொடங்கிவைத்த மிசெரிக்கோர்தியா இல்லம் ஐந்து நூற்றாண்டுகளைக் கடந்து இன்றும் இயங்குகிறது. கோவா உட்பட அவர்கள் சென்ற ஊரெல்லாம் அதுபோன்ற இல்லங்களை நிறுவினர். லிஸ்பன் இல்லம் தன் அறப்பணிக்குப் பொருள் தேடப் பரிசுச்சீட்டும் நடத்துகிறது. அதனால் அங்கே சிலருக்கு அப்பெயர் சீட்டுக் குலுக்கலையும் நினைவூட்டுமாம்! நமக்கு இது அவ்வளவு உவப்பாயில்லை; ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டுமன்றோ?

கிழமைப் பெயர்கள் இன்னும் சுவையானவை. இலத்தீனின் பிள்ளைகளான பிரெஞ்சு, இத்தாலியம், இஸ்பானியம் எல்லாம் வார நாட்களை நிலவு, செவ்வாய், புதன் என்று கோள்களின் பெயரால் அழைக்க, போர்த்துக்கீசியர் மட்டும் திங்களை 'இரண்டாம் பெய்ரா' என்றும் செவ்வாயை 'மூன்றாம் பெய்ரா' என்றும் வெள்ளிவரை எண்ணிக்கொண்டே போகிறார்கள். ஆறாம் நூற்றாண்டில் பிராகா நகர ஆயராயிருந்த புனித மார்ட்டின், கிறிஸ்தவர்கள் வேற்றுத் தெய்வங்களின் பெயரால் நாட்களை அழைப்பது தகாது என்று கண்டித்தார். திருச்சபையின் இலத்தீன் எண்ணுமுறை அங்கே நிலைத்ததற்கு அவரையே காரணமாகச் சொல்வது மரபு. இதில் வரும் 'பெய்ரா' இலத்தீனின் 'பேரியா'. வேலை ஒழிந்த திருவிழா நாள் என்பது அதன் பழம்பொருள். திருவிழா என்றால் கடை கூடும். ஆகவே ஆங்கிலத்தில் 'பேர்' என்றால் சந்தை. போர்த்துக்கீசியத்திலும் தனியே நின்றால் 'பெய்ரா' சந்தையே. திருவழிபாட்டு நாட்காட்டியிலோ 'பேரியா' என்றால் எந்தத் திருவிழாவும் இல்லாத வெறும் வாரநாள்! விழா நாளைக் குறித்த சொல் விழா இல்லாத நாளைக் குறிக்கலாயிற்று. நாம் இன்றுவரை கோள்களின் பெயரைத்தான் சொல்லி வருகிறோம். அதனால் செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளுக்கு வரும் கூட்டம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இனி அந்தக் குடும்பத்தின் செய்திக்கு வருவோம். 2009-ஆம் ஆண்டு நாம் பணியாற்றிய ஒரு கிராமப் பங்கிலிருந்து கன்னியர் மடத்தில் சேர்ந்த பெண் ஒருத்தி, போர்த்துக்கீசியம் ஆட்சிமொழியாயுள்ள மொசாம்பிக் நாட்டில் உட்பகுதி ஊர் ஒன்றில் நோயாளரைப் பராமரித்து வந்தாள். மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசினால் பெரிது. அவ்வாண்டு பருவமழை தொடங்கும் வேளையில், அவள் இல்லத் தலைவியிடமிருந்து பெற்றோருக்கு ஒரு கடிதம் வந்தது. தலைவி போர்த்துக்கீசியப் பெண்மணி. தமக்குத் தெரிந்த மொழியில் அன்போடு எழுதியிருந்தார். அதைப் படித்துச் சொல்லும் பொறுப்பு அந்தப் பெண்ணின் தாய்மாமனிடம் வந்தது. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஆங்கில இலக்கணத்தில் புலி. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆங்கிலம் போல் தெரிந்த சொற்களைக் கோடிட்டு, இடைவெளியைத் தம் ஊகத்தால் நிரப்பிப் பொருள் கூறிவிட்டார்.

அவர் கூறிய பொருள் இது: மகளுக்கு இரு வாரமாக மலச்சிக்கல், வீட்டுக்குச் செல்ல வேண்டுமென்று அவள் பாசாங்கு செய்கிறாள், முடிவில் போய்த்தான் தீருவாள். கேட்ட தாய் படுத்துவிட்டார். மகள் மடத்தை விட்டு வர நோய் நடிக்கிறாள் என்று தலைவியே எழுதிவிட்டாரே, இனி ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது? தந்தை அம்மடத்தாரின் தமிழ்நாட்டு இல்லத்துக்கே நேரில் சென்று மகளைத் திருப்பி அழைத்துக்கொள்வதாகச் சொல்லிவர ஆயத்தமானார். போகுமுன் ஆசீர் பெற நம்மிடம் வந்தார்கள். "சாமி, எங்கள் பிள்ளை பொய் சொல்லும் பிள்ளை இல்லை. என்ன கொடுமை செய்தார்களோ, இப்படி வேடம் போடுகிறாள்" என்று தாய் விம்மினார். கடிதத்தை வாங்கிப் பார்த்தோம்.

முதற்சொல் 'கொன்ஸ்திபாதா'. நெருக்கி அடைத்தல் என்பது இலத்தீன். ஆங்கிலத்தில் அடைபடுவது குடல். போர்த்துகல் நாட்டார் பேச்சில் அடைபடுவது மூக்கு. பிள்ளைக்கு இரு வாரமாகச் சளி, இப்போது தேவலை என்று எழுதியிருந்தார். அடுத்த சொல் 'பிரெத்தெந்தெ'. இதுதான் உலையை அணைத்த சொல். முன்னே நீட்டுதல் என்பது இலத்தீன். ஆங்கிலத்தில் முன்னே நீட்டப்படுவது திரை. உண்மையை மறைக்க ஒன்றைப் பிடித்துக் காட்டுவது. அரசுரிமை கோரி வந்தவரையும் முற்காலத்தில் அச்சொல்லால் அழைத்தனர். போர்த்துக்கீசியத்தில் முன்னே நீட்டப்படுவது கை. ஒன்றை அடைய எண்ணி அதன்பால் செல்வது. எண்ணியிருக்கிறாள், கருதியிருக்கிறாள் என்பதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. மூன்றாவது 'எவெந்துவால்மென்தெ'. ஆங்கிலத்தில் அது முடிவில் நடந்தே தீரும் என்ற உறுதி. போர்த்துக்கீசியத்தில் நேர்ந்தால், ஒருவேளை என்ற ஐயம். ஒரே சொல், ஒருபுறம் கல்வெட்டு, மறுபுறம் நீர்மேல் எழுத்து. ஆக அந்த வரியின் பொருள்: டிசம்பரில் பெற்றோரைக் காண வர எண்ணியிருக்கிறாள், ஒருவேளை ஜனவரி ஆகலாம்.

இதைச் சொன்னதும் தந்தை நாற்காலியில் அமர்ந்துவிட்டார். தாய் நம்பவில்லை. "என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறீர்களா, சாமி?" என்று கேட்டார். ஆகவே கடிதம் முழுவதையும் வரிவரியாக வாசித்துப் பொருள் சொன்னோம். மகள் 'எதுக்காதா' என்றிருந்த இடத்தில், நன்கு வளர்க்கப்பட்ட பெண் என்று உங்களைத்தான் தலைவி பாராட்டுகிறார் என்றோம். இறுதியில் 'ரெக்கொர்தா' என்று ஒரு சொல். மாமன் அதை 'ரெக்கார்டு' என்று கொண்டு, ஏதோ பதிவேட்டில் மகள் பெயர் ஏறிவிட்டது என்று அஞ்சியிருந்தார். ஆங்கிலத்தில் அது எழுதிவைக்கும் சொல். ஞானஸ்நானப் பதிவேடும் ரெக்கார்டு, காவல் நிலையக் குறிப்பும் ரெக்கார்டு. இலத்தீனில் அதன் உள்ளே இருப்பது 'கோர்', அதாவது இருதயம். இருதயத்தில் மீண்டும் கொண்டுவருதல், நினைத்தல். போர்த்துக்கீசியர் அதை அப்படியே வைத்திருக்கிறார்கள். "தன் செபத்தில் உங்களை நாள்தோறும் நினைக்கிறாள்" என்று வாசித்தோம். அதனோடு 'சவுதாதெஸ்' என்றும் எழுதியிருந்தது. தனிமை என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, ஆங்கிலத்தின் 'சாலிடியூட்' என்ற சொல்லுக்கு உறவாகி, பிரிவில் வரும் வாட்டத்தைக் குறிப்பது. இச்சொல்லை எந்த மொழியிலும் பெயர்க்க இயலாது என்று பெரிய பெரியவர்களெல்லாம் எழுதுகிறார்கள். நாம் அவ்வளவு சிரமப்படவில்லை. "உங்களை எண்ணி ஏங்குகிறாள் அம்மா" என்றோம். அந்தத் தாய்க்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பிள்ளை ஜனவரி இரண்டாம் வாரம் வந்தாள். ஒரு மாதம் இருந்து, மீண்டும் மொசாம்பிக் சென்றாள். இன்று கைப்பேசியே எந்தக் கடிதத்தையும் நொடியில் பெயர்த்துக் காட்டுகிறது. அது வேரைப் பார்ப்பதில்லை. மக்கள் எழுதிய வாக்கியங்களில் அச்சொல் எப்படி வழங்குகிறது என்பதைப் பார்க்கிறது. பிரெத்தெந்தெ என்ற சொல்லில் அந்த மாமன் சறுக்கியதுபோல் அது பெரும்பாலும் சறுக்குவதில்லை.

மாமன் நல்ல மனிதர். ஒரு வாரம் தலைகாட்டவில்லை; பிறகு ஒரு குறிப்பேட்டோடு வந்து, "சாமி, இந்த மொழியைக் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள்" என்றார். உங்கள் வீட்டிலேயே தொடங்கலாம் என்றோம். சன்னல் போர்த்துக்கீசியரின் 'ஜனேலா'. அது இலத்தீனில் வாசலைக் குறிக்கும் 'யானுவா' ஈன்ற சிறு வாசல். ஆங்கிலத்தில் வாயில் காத்த 'ஜானிட்டர்' அதே வாசலில் பிறந்தவர். அலமாரி அவர்களின் 'அர்மாரியு'; படைக்கலம் வைக்கும் பேழை. ஆங்கிலக் கோவில்களில் புனித தைலங்களை வைக்கும் சுவர்ப்பேழைக்கு 'ஆம்ப்ரி' என்ற பெயர் வந்ததும் அதிலிருந்தே. சாவி அவர்களின் 'ஷாவெ', இலத்தீனின் 'கிளாவிஸ்'. 1554-இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் தமிழை அச்சிட்டதும், 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே வெளிவந்ததும், 1679-இல் அம்பலக்காட்டில் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி வெளிவந்ததும் அந்த உறவின் அடையாளங்கள் என்று சொல்ல, அவர் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். அன்றுமுதல் நாம் எந்தப் பங்குக்கு மாற்றலாகிச் சென்றாலும், ஆண்டுக்கு இருமுறையேனும் ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

2025-ஆம் ஆண்டு மே மாதம், புதிய திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்மார் கூடியிருந்தபோது தொலைபேசியில் அழைத்தார். முதுமையால் குரல் தளர்ந்திருந்தது, உற்சாகம் தளரவில்லை. "சாமி, செய்தியில் கான்கிளேவ், கான்கிளேவ் என்கிறார்களே. சாவி போட்டுப் பூட்டிய அறை என்றுதானே பொருள்? அப்படியானால் அதற்குள்ளும் நம் வீட்டுச் சாவிதான் இருக்கிறது, இல்லையா?" என்றார். ஆம் என்றோம். இம்முறை அகராதியைப் பார்த்துவிட்டுத்தான் அழைத்ததாகவும் சொல்லிக்கொண்டார்.